புளிப்பு தெரிந்த நாக்குக்கு ஷார்டனே

போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் மகன் கப்பலிலிருந்து லீவில் வந்தான். திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர்கள் வழக்கமாகத் தூக்கிவரும் விஸ்கியை விட்டுவிட்டு, எனக்கென்று ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலைக் கைலியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். மதியச் சோற்றோடு திறந்து ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினோம். ஒரு வாய் குடித்ததும் அவன் முகம் கோணிவிட்டது. "சித்தப்பா, இது புளிச்சுப் போச்சுன்னு நெனைக்கேன். கெட்ட குப்பியத் தந்துட்டானுவ" என்றான். அண்ணன் ஒரு மிடறு குடித்துவிட்டு டம்ளரை எட்டத் தள்ளிவைத்தார். "என்னலே இது, வினிகர் மாதிரி இருக்கு."

பாட்டிலில் ஒரு கேடும் இல்லை. அது ஷாப்லி. பிரான்சில் பர்கண்டிப் பகுதியின் வடகோடியில், குளிரில் விளையும் ஷார்டனே திராட்சையில் செய்தது. அந்தப் புளிப்புக்காகத்தான் அதற்குக் காசு கொடுக்கிறார்கள். பையனைக் குறை சொல்லவும் முடியாது. நம் குமரி மாவட்டத்தில் ஒயின் என்றால் வீட்டில் பரணியில் போடுவதுதான். கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒரு கை கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் போட்டு வாயைக் கட்டி, நாள் எண்ணி வடித்தால் பாகு மாதிரி இனிக்கும். அதைக் கேக்கோடு குடித்து வளர்ந்தவர்கள் நாம். மற்றபடி 'ஒயின் ஷாப்' என்று பேச்சில் சொல்கிறோமே தவிர, அந்தக் கடையில் ஒயினைக் கேட்டு நிற்பவர் அபூர்வம்.

நானும் இப்படி முகம் கோணியவன்தான். பதினோரு வருடம் சொகுசுக் கப்பல்களின் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில், பரிமாறுகிறவனுக்கும் ருசி தெரியவேண்டும் என்று எங்களை வரிசையாக உட்காரவைத்து மூன்று கிளாஸ் தந்தார்கள். மூன்றும் ஷார்டனே, மூன்றும் வேறு வேறு ஊர். மூன்றாவது எனக்குப் பிடித்தது. பழ வாசனையும் ஒரு வெண்ணெய்த்தனமும் இருந்தது. முதலாவதைத் துப்பலாமா என்று பார்த்தேன். அந்த முதல் கிளாஸ்தான் குளிர்ப்பகுதி ஷார்டனே. அது என்ன சொல்கிறது என்று பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது. இவ்வளவு நாள் ஆகியிருக்க வேண்டியதே இல்லை. வாளன்புளி, கொடம்புளி, மாங்காய், பிலிம்பிக்காய், மோர் என்று எந்தப் புளிப்பை எந்த மீனுக்குப் போடுவது என்று பிறந்ததிலிருந்தே தெரிந்த ஊர்க்காரன் நான். யாராவது "இதைப் புளியாக நினைத்துக்கொள்" என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

மாங்காய், செங்காய், பழம்

கிணற்றடி மாமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மரம். காயாகப் பறித்தால் மீன்குழம்புக்கு ஆகும். பழுத்தால் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம். நடுவில் செங்காய் என்று ஒரு பருவம் இருக்கிறது. புளிப்பும் இனிப்பும் இரண்டுமே விட்டுக்கொடுக்காமல் நிற்கும் சில நாட்கள். குளிர்ப்பகுதி ஷார்டனே அந்தச் செங்காய்ப் பருவத்தை ஒத்தது. திராட்சை அங்கே பழுக்கிறது. ஆனால் மெதுவாக, புளிப்பைக் கைவிடாமல் பழுக்கிறது.

காரணம் எளிது. திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள். ஒன்று டார்டாரிக் அமிலம். நம் வாளன்புளியைப் புளிக்கவைப்பதும் இதே அமிலம்தான். நான் புளி உவமையைப் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றது மாலிக் அமிலம். பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அந்தப் புளிப்பு. வெயில் கூடக் கூடத் திராட்சை தன் சுவாசத்துக்கு இந்த மாலிக் அமிலத்தை எரித்துச் செலவழித்துவிடும். ஊர் குளிர்ந்திருந்தால், முக்கியமாக இரவு குளிர்ந்தால், அந்தச் செலவு குறையும். அதே நேரம் வெயில் அதிகமானால் பழத்தில் சர்க்கரை கூடும். நொதிக்கும்போது சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. அதனால் வெயில் ஊர் ஷார்டனேயில் ஆல்கஹால் 14 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம், ஷாப்லி 12.5 பக்கம் நிற்கும். பாட்டிலின் முதுகில் அச்சிட்டிருக்கும் இந்த எண்ணைப் பார்த்தாலே ஊர் குளிரா சூடா என்று பாதி தெரிந்துவிடும்.

வாசனையும் இதே வழியில் போகும். குளிர்ந்த இடத்தில் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், பேரிக்காய். கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் பீச் பழம். நல்ல வெயிலில் அன்னாசி, மாம்பழம்.

ஏன் ஷார்டனேயை வைத்து இதைச் சொல்கிறேன் என்றால், அது தனக்கென்று பெரிய வாசனை இல்லாத திராட்சை. நம் மரச்சீனி மாதிரி. சேர்கிற குழம்பின் குணத்தை மரச்சீனி வாங்கிக்கொள்வதுபோல, ஷார்டனே தான் நின்ற மண்ணின் குளிரையும் செய்தவர் கைப்பக்குவத்தையும் வாங்கிக்கொள்ளும். பர்கண்டியின் தெற்கே ஷார்டனே என்ற பெயரிலேயே ஒரு சிற்றூர் இருக்கிறது. 1999-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்து இதன் பெற்றோரைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பக்கம் பீனோ என்ற உயர்குலத் திராட்சை. இன்னொரு பக்கம் கூவே பிளாங்க் என்ற, குடியானவர்கள் வளர்த்த, யாரும் மதிக்காத திராட்சை. பர்கண்டிக்காரர்கள் இந்தச் செய்தியை ரசித்திருப்பார்களா என்பது வேறு கதை.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்

நாகர்கோவிலில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. அதற்கே நாம் தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறோம். ஒயின் உலகத்தில் குளிர்ப்பகுதி என்றால், கொடி துளிர்த்து விளையும் ஏழு மாதத்தின், அதாவது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்குமான சராசரி வெப்பமே 13 முதல் 15 டிகிரிதான். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை வடக்கே. ஷாப்லி கிட்டத்தட்ட 48 பாகை.

அங்கே குளிர்காலத்தில் கொடி தூங்கிவிடும். அந்தத் தூக்கம் அதற்கு வேண்டும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் கொட்டுகிறது, குளிர்காலம் என்று ஒன்று இல்லை. கொடி தூங்கவும் முடியாது, மழையில் பூஞ்சையிலிருந்து தப்பவும் முடியாது. தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், பன்னீர் திராட்சை நன்றாக வருகிறது. 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. ஆனால் அது வெயில் தாங்கும் இனம், அங்கேயும் கவாத்து செய்துதான் கொடியைப் புதிதாகத் துளிர்க்க வைக்கிறார்கள். நாசிக் பக்கம் புத்திசாலித்தனமாக ஒன்று செய்கிறார்கள். மழை முடிந்ததும் கவாத்து செய்து, குளிர்மாதங்களில் காயைப் பழுக்கவிட்டு, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடையை முடித்துவிடுகிறார்கள். அப்படி வரும் இந்திய ஷார்டனே மோசமில்லை. ஆனாலும் அது செங்காயைத் தாண்டிப் பழத்துப் பக்கம் சாய்ந்திருக்கும்.

ஷாப்லியில் தூக்கம் கலைந்து கொடி துளிர்க்கும் ஏப்ரல்தான் ஆபத்தான மாதம். ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் துளிர் கருகி, வருடத்து வெள்ளாமை போய்விடும். 2016, 2017, 2021 ஆகிய வருடங்களில் அப்படித்தான் அடி விழுந்தது. அந்த ராத்திரிகளில் விவசாயிகள் தூங்குவதில்லை. வரிசை வரிசையாகப் பெரிய மெழுகுவர்த்தி டப்பாக்களைக் கொளுத்திவைப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல்லறைத் திருநாள் ராத்திரி நம் ஊர்க் கல்லறைத் தோட்டம் போல இருக்கும். இன்னொரு வழி விசித்திரமானது. கொடியின் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். குளிரில் தண்ணீரா என்று தோன்றும். தண்ணீர் உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பம் துளிரைச் சுழியம் டிகிரிப் பக்கமே நிறுத்திவைக்கும். துளிர் பனிக்கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். விடிந்து பனி உருகும்வரை தெளிப்பை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் எல்லாம் போச்சு.

குளிருக்கு வடக்கேதான் போகவேண்டும் என்றில்லை. ஆரல்வாய்மொழியில் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், மலையில் ஒரு இடைவெளி இருந்தால் காற்று என்ன பாடு படுத்தும் என்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சுற்றுவதும் அந்தக் கணவாயால்தான். கலிபோர்னியாவில் இதே மாதிரி பெட்டலூமா கணவாய் என்று ஒன்று உண்டு. பசிபிக் கடலின் குளிர்காற்றும் மூடுபனியும் அந்தச் சந்து வழியாக உள்ளே நுழைந்து தோட்டங்களைக் குளிர்விக்கின்றன. 2017-இல் அதைத் தனி ஒயின் பகுதியாகவே அறிவித்துவிட்டார்கள். சிலியின் காசாபிளாங்கா பள்ளத்தாக்கு, ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா, மார்னிங்டன் தீபகற்பம், தென்னாப்பிரிக்காவில் ஹெர்மானஸ் பக்கத்துப் பள்ளத்தாக்கு என்று கடல்காற்றால் குளிரும் இடங்கள் பல. விமான நிலையக் கடையில் இந்தப் பெயர்கள் கண்ணில் பட்டால் அது நம் ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பிரெஞ்சு பாட்டிலில் திராட்சையின் பெயரைப் பெரும்பாலும் போடமாட்டார்கள், ஊர்ப்பெயர்தான் இருக்கும். ஷாப்லி என்று போட்டிருந்தால் உள்ளே ஷார்டனே மட்டுமே இருக்கும், அது சட்டம். மலிவிலிருந்து விலை ஏற ஏற, பெத்தி ஷாப்லி, ஷாப்லி, பிரீமியே குரு, கிராண்ட் குரு என்று நான்கு படி. பழகுகிறவருக்கு இரண்டாம் படி போதும்.

தயிரும் கிராம்பும்

ஊர்க் குளிர் தந்த புளிப்பைச் செய்கிறவர் அப்படியே விடலாம், மாற்றவும் செய்யலாம். பெரிய மாற்றம் ஒன்று நமக்கு நன்றாகப் பழகியது. பாலில் உறை ஊற்றினால் பாக்டீரியா அதை லாக்டிக் அமிலத்தின் பக்கம் கொண்டுபோகிறது; தயிரின் மெத்தென்ற புளிப்பு அதிலிருந்து வருவது. ஒயினிலும் முதல் நொதிப்பு முடிந்தபின் வேறொரு பாக்டீரியா வந்து, பல்லைக் கூசவைக்கும் மாலிக் அமிலத்தை இதே லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. பச்சை மாங்காய் மோராகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போகிறபோக்கில் டயாசிட்டில் என்ற ஒன்றையும் உண்டாக்கும். வெண்ணெய் வாசனை அது. ஷாப்லியிலும் பெரும்பாலும் இந்த மாற்றம் நடக்கிறது. அதற்குப் பிறகும் அவ்வளவு புளிப்பு மிஞ்சுகிறது என்றால் ஆரம்பத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அடுத்தது ஓக் மரப் பீப்பாய். பர்கண்டியில் வழக்கமான அளவு 228 லிட்டர். வளைப்பதற்காக உள்பக்கத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அந்த மரத்திலிருந்து வெனிலா, சுட்ட ரொட்டி, தேங்காய், கிராம்பு வாசனைகள் ஒயினில் இறங்கும். கிராம்பு என்று சும்மா சொல்லவில்லை. யூஜினால் என்ற ஒரே பொருள்தான் இரண்டிலும் இருக்கிறது. 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கன்னியாகுமரிக் கிராம்பில், மாறாமலை பக்கத்துத் தோட்டங்களில் காயவைக்கும்போது மூக்கைத் துளைப்பதும் அதுதான்.

கிராம்பு ஒன்று கூடிப்போனால் பிரியாணி என்ன ஆகும்? அதுதான் பல ஊர் ஷார்டனேக்கும் ஒரு காலத்தில் நடந்தது. புதுப் பீப்பாயில் ஊறவைத்து, வெண்ணெயும் வெனிலாவும் வழிய வழியச் செய்தார்கள். 1990-களில் சலித்துப்போன ஆட்கள் "ஷார்டனே தவிர எதுவானாலும் கொடு" என்று சொல்வதே ஒரு கோஷமானது. என் மேசைகளிலும் இதைக் கேட்டிருக்கிறேன். சொன்னவருக்கு ஒன்றும் பேசாமல் ஷாப்லியை ஊற்றினால் "ஆகா, இது என்ன திராட்சை?" என்பார்கள். ஷாப்லியில் பெரும்பகுதி எவர்சில்வர் தொட்டியிலேயே வளர்கிறது, மரத்தின் பேச்சு இல்லை. நல்ல தோட்டத்து ஒயினைச் சிலர் பழைய பீப்பாயில் வைப்பார்கள். வாசனையை ஏற்கெனவே இழந்த பீப்பாய், மூச்சு விட மட்டும் இடம் தரும்.

டம்ளரில் ஊற்றியபின்

முதலில் சூடு. பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் குளிரில் வாசனை அமுங்கிக்கிடக்கும், வெறும் புளித்தண்ணீர்தான் மிஞ்சும். 10 முதல் 12 டிகிரி சரியான இடம். புத்தகங்களில் அரைமணி நேரம் வெளியே வை என்று எழுதியிருப்பார்கள். அது ஐரோப்பியச் சாப்பாட்டு அறைக்கு. நம் மதிய வெக்கையில் பத்து நிமிடம் போதும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். வாய் மெலிந்த கண்ணாடி டம்ளர் எதுவானாலும் சரி, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள். மீதி இடம் வாசனைக்கு.

நிறம் வெளிறி, வைக்கோலில் பச்சை ஓடியதுபோல இருக்கும். டம்ளரைச் சுழற்றி மூக்கை உள்ளே விடுங்கள். ஆப்பிள், எலுமிச்சை வரும். அப்புறம் ஒன்று வரும், அதைப் பழமென்று சொல்லமுடியாது: முதல் மழை விழுந்த பாறை, உரசின தீக்குச்சி, சிப்பி ஓட்டைக் கழுவிய தண்ணீர் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். ஷாப்லி மண்ணில் சுமார் 15 கோடி ஆண்டுப் பழைய குட்டிச் சிப்பிகளின் ஓடுகள் நிறையக் கிடக்கின்றன. அந்த ஓட்டின் ருசிதான் ஒயினில் ஏறுகிறது என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நானும் ஆயிரம் மேசையில் சொல்லியிருக்கிறேன். கேட்க அழகாக இருக்கும். ஆனால் வேர் கல்லைக் கரைத்து ருசியாக மேலே அனுப்புவதில்லை என்பதுதான் மண்ணியல் அறிஞர்களின் பேச்சு. அந்தக் கல் வாசனையில் புளிப்புக்கும் நொதிப்பில் பிறக்கும் கந்தகச் சேர்மங்களுக்கும் பங்கு இருக்கிறது.

பிறகு ஒரு வாய். உடனே விழுங்காமல் நாக்கு முழுவதும் படவிடுங்கள். இனிப்பைத் தேடாதீர்கள், இல்லை. விழுங்கிய பின் தலையைக் கொஞ்சம் குனிந்து, வாயைத் திறக்காமல் இருங்கள். கன்னத்தின் உள்பக்கமிருந்தும் நாக்கின் அடியிலிருந்தும் எச்சில் ஊறி வரும். புளியங்காயை நினைத்தாலே ஊறுமே, அந்த ஊற்று. எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு நேரம் ஊறுகிறது என்பதுதான் அளவுகோல். வெறும் புளிப்பு சட்டென்று குத்திவிட்டு அடங்கிவிடும். நல்ல ஒயினின் புளிப்பு நீண்டு போகும், போகும் வழியில் எலுமிச்சைத் தோலின் சிறு கசப்பு, ஒரு உப்புத்தன்மை என்று எதையாவது காட்டிக்கொண்டே போகும். கெட்டுப்போன ஒயினின் வினிகர் புளிப்பு நாக்கில் தெரிவதற்கு முன்னாலேயே மூக்கில் ஏறி எரியும். அண்ணன் மகனை டம்ளரை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "மூக்குல ஒண்ணும் ஏறல, சித்தப்பா" என்றான். "அப்பன்னா கெடல, மக்கா" என்றேன்.

பாட்டிலின் அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி மின்னினால் பதறவேண்டாம். கப்பலில் ஒருமுறை ஒரு பெரியவர் "கண்ணாடித் துண்டு" என்று மேசையையே கலக்கிவிட்டார். டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது, குளிரில் படிகமாகியிருக்கும். சுருங்கச் சொன்னால், கட்டியான புளி.

எதோடு சாப்பிடுவது

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நடந்த அந்த மதியத்துக்கு வருகிறேன். அன்று முகம் கோணியதற்குப் பாதிக் காரணம் நான்தான். இலையில் இருந்தது அயலைக் குழம்பு. அரைத்த தேங்காயும் கொடம்புளியும் மிளகாயும் சேர்ந்து செக்கச்செவேலென்று கொதித்தது. ஒயின் அதன் முன்னால் நிற்கவே முடியாது. மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் ஊதிப் பெரிதாக்கிவிடும். குழம்பின் புளிப்பு ஒயினின் புளிப்பை அமுக்கி அதை உயிரில்லாத தண்ணீராக்கிவிடும். பதினோரு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் சொந்த வீட்டில் பசியில் கோட்டைவிட்டேன். சரி, பாட்டிலை மூடி பிரிட்ஜில் வைத்தாயிற்று.

மறுநாள் மைனி சந்தையிலிருந்து சிப்பி வாங்கிவந்தாள். நம் கடற்கரைப் பாறைகளில் முங்கி எடுக்கும் பழுப்பு ஓட்டுச் சிப்பி. ஓட்டை உரசிக் கழுவி, நார்போல் தொங்குவதைப் பிய்த்துப் போட்டு, அவள் புளியை ஊறவைக்கப் போனாள். "மைனி, இன்னைக்குப் புளி வேண்டாம். மிளகாயும் வேண்டாம்" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "அப்ப எதுக்குத் தம்பி சிப்பி?" சட்டியில் தேங்காயெண்ணெய், சின்ன உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, நிறைய நல்லமிளகு. சிப்பியைக் கொட்டி மூடினால் நாலைந்து நிமிடத்தில் ஓடு திறந்து அதன் உப்புத்தண்ணீர் தானாக இறங்கும். கடைசியில் ஒரு குத்துத் தேங்காய்ப்பூ. "புளி குப்பில இருக்கு" என்று ஒயினைக் காட்டினேன். சிரித்துவிட்டு ஓடோடு தட்டில் போட்டாள்.

நேற்று தள்ளிவைத்த அதே ஒயின். ஆனால் சிப்பியின் உப்பு நாக்கில் பட்டதும் ஒயினின் புளிப்பு மட்டுப்பட்டு, அடியில் ஒளிந்திருந்த ஆப்பிள் வெளியே வந்தது. ஒயினோ, தேங்காயெண்ணெயின் வழவழப்பைத் துடைத்துவிட்டு அடுத்த சிப்பிக்கு வாயைத் தயாராக்கியது. எலுமிச்சை பிழிந்தால் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. எந்தச் சாப்பாட்டுக்கு எலுமிச்சை பிழியலாம் என்று கை போகிறதோ, அதற்கு இந்த ஒயின் பொருந்தும். சமையலில் ஏற்கெனவே நிறையப் புளி ஊற்றியாயிற்று என்றால் பொருந்தாது. இந்த ஒன்றை வைத்தே நம் சமையலறையில் பெரும்பாலானவற்றை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

நெத்திலி பொரித்தது முதல் தரம். மிளகாய்ப்பொடியைக் குறைத்து, மஞ்சளும் மிளகும் உப்பும் மட்டும். கணவாய் மீனும் அப்படியே. நண்டை வெறுமனே அவித்து உடைத்தால் அதன் இனிப்புக்கு இந்தப் புளிப்பு அருமை. மீன் இல்லாத வீட்டில் அவியல் இருக்கிறது. தேங்காயும் தயிரும் சேர்ந்த காய்கறி, அதில் தயிரின் லாக்டிக் புளிப்பும் ஒயினின் லாக்டிக் புளிப்பும் ஒரே குலம். ஓலன் இன்னும் மென்மையானது. மசித்த மரச்சீனியைத் தேங்காய் போட்டுச் சாப்பிட்டால் சேரும், மீன்குழம்பை அதன்மேல் ஊற்றும்வரை.

தேங்காய்ப்பாலில் கொதித்த மீன் மோளியும் ஆப்பமும் என்றால் நான் ஷாப்லியை எடுக்கமாட்டேன். பாலின் கனத்துக்கு ஒயினிலும் கொஞ்சம் கனம் வேண்டும். பர்கண்டியிலேயே தெற்கே மெர்சோ என்ற ஊரில் பீப்பாயில் வளர்த்த ஷார்டனே செய்கிறார்கள். புளிப்பும் இருக்கும், வெண்ணெயும் இருக்கும், விலையும் இருக்கும். மார்னிங்டன் அல்லது தென்னாப்பிரிக்கப் பாட்டில் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும்.

தீயல், கருவாடு, இஞ்சிக் கிச்சடி பக்கம் போகவேண்டாம். முந்திரிக்கொத்தும் பாயசமும் அதைவிட மோசம். இனிப்புக்குப் பின் குடித்தால் ஒயின் இரண்டு மடங்கு புளிக்கும். பரணி ஒயின் கேக்கோடு நன்றாக இருப்பது அதுவும் இனிப்பு என்பதால்தான்.

சிவப்பு ஒயினை மீனோடு குடித்தால் ஏன் சில நேரம் வாயில் கவிச்சி, நம் ஊர்ச் சொல்லில் உளும்பு, ஏறுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டார்கள். ஒயினில் இருக்கும் இரும்பு மீனின் கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்புகிறது. சிவப்பு ஒயின்களில் பல நேரம் இரும்பு கூடுதல். வெள்ளை ஒயின் மீனுக்கு என்ற பழைய வழக்கம் சும்மா வந்ததல்ல.

என்னுடைய சொந்தத் தேர்வைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஏத்தங்காய் சிப்ஸ். தேங்காயெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, உப்புத்தண்ணீர் தெளித்தது. கொழுப்பு, உப்பு, மெல்லிய மாவு இனிப்பு எல்லாம் ஒரே வாயில். வறுத்த அண்டிப்பருப்பு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. கப்பலில் வெள்ளித்தட்டில் வைத்துக் கொடுத்த எதுவும் இதற்கு ஈடாகவில்லை.

பாட்டில் வைப்பது பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊர் வெக்கையில் அலமாரி மேலேயோ பரணிலோ வைத்தால் ஒரு கோடையில் ஒயின் வெந்துவிடும். நாள் கணக்கில் குடிக்கப்போகிறீர்கள் என்றால் பிரிட்ஜின் கீழ்த்தட்டுதான் இடம். திறந்தது மூடியோடு மூன்று நாள் தாங்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரி இல்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு அதற்குள் அடங்கும். இருபத்தொன்று ஆகாத பிள்ளைகளுக்கு ஊற்றவேண்டாம். பெரியவர்களுக்கும் சாப்பாட்டோடு ஒரு டம்ளர், ஏறினால் ஒன்றரை.

அன்று சிப்பி தீர்ந்தபோது பாட்டிலில் இரண்டு விரல் அளவு மிச்சம் இருந்தது. அண்ணன் ஓட்டில் தேங்கிய சாற்றை உறிஞ்சிவிட்டு, முந்தின நாள் தள்ளிவைத்த அதே டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். மைனி மிச்சத்தை அவருக்குத் தரவில்லை. சட்டியின் அடியில் ஒட்டியிருந்த உள்ளியிலும் மிளகிலும் அதை ஊற்றிச் சுரண்டி, ஒரு கொதி விட்டுச் சோற்றில் பிசைந்தாள்.